ஓசூருக்குப் போக வேண்டிய கிரைண்டர்

ஆகஸ்ட் 9, சனி

காத்து. மலையில மழை போல, இங்க கண்ணுல மண்ணு மட்டும். பேண்டேஜ் நெய்யுற சத்திரப்பட்டியிலேர்ந்து வேஸ்ட் துணி ரெண்டு மூடை வந்துச்சு. பாத்திரம் பூராச் சுத்தியாச்சு. குக்கருக்குத் தலைக்கட்டு, மிக்சிக்கு இடுப்புக்கட்டு. வீடே ஆக்சிடென்ட் வார்டு. "ஒங்களுக்கும் ஒரு கட்டு போட்டா சாமானோட ஏத்திரலாம்"ன்னேன் எங்க வீட்டுத் துரைகிட்ட. துரைன்னா என் புருசன் அந்தோணி. சிரிக்கல.

சிரிக்க என்ன இருக்கு. இவுக மில்லு மூடியாச்சு. ஓசூர்ல மவன் ராபின் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வச்சிருக்கான். எனக்கு அங்க ஒரு மெஸ்ஸுக்கு இட்லி மாவு ஆட்டிக் குடுக்கப் பேச்சு. 23 சனிக்கிழமை காலையில மாவு போகணும், இல்லேன்னா வேற ஆளாம். இங்க மாவு வித்தே காலம் ஓட்டின பெரிய கிரைண்டர். அது உடையாமப் போய்ச் சேரணும். அது இல்லேன்னா மருமவ அடுப்படியில டம்ளர் கழுவுற விருந்தாளி நான்.

லோடு வண்டிக்காரன்: "ஆடியில யாரும் வீடு மாத்த மாட்டாகக்கா. வண்டி சும்மாதான் நிக்கி. பாதி வாடகைக்கு வாரேன்."

ஓனரம்மா (இனி ஓ.அ., எழுதக் கை வலிக்கு): "பொறும்மா, பொறு. ஆடியில வீடு காலியானா எங்களுக்கு ஆகாது. ஆவணி 21ஆம் தேதி முகூர்த்தம்... இங்கிலீசு தேதி 21. கிருஷ்ணகிரியிலேர்ந்து புதுக் குடும்பம் பால் காய்ச்ச வருது. அன்னைக்கு நீ போ."

என் வாய் சும்மா இருக்குமா. "எங்க சர்ச் காலண்டர்ல ஆடியே கிடையாதும்மா"ன்னேன். மூஞ்சியத் திருப்பிட்டுப் போயிட்டாக.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸுல நின்னுக்கிட்டே. லாரி புக்கிங் ஆபீஸ்ல ஒருத்தன், மேசையில பால்கோவாப் பொட்டலம்.

"தனி வண்டி ஒங்களுக்குக் கட்டாது ஆச்சி. பார்ட் லோடு போடுங்க. நாலு பேரு சாமானோட சேர்ந்து போகும். சேலத்துல வேற வண்டிக்கு மாத்துவோம்."

"யாருலே ஆச்சி? நீ தலைக்கு மை அடிச்சிருக்க, நான் அடிக்கல. அம்புட்டுதான்."

சிரிச்சான். பொறவு அக்கான்னான்.

"என்னைக்குப் போய்ச் சேரும்?"

"சேரும்க்கா."

"கல்லு உடைஞ்சா?"

"கல்லு உடையுமாக்கா?"

இதுக்கு மேல என்னத்தக் கேக்க.

பொறவு ரயில்வே ஸ்டேஷன் மாஸ்டரக் கேட்டேன். வண்டி செத்த நேரந்தான் நிக்குமாம், பீரோ கிரைண்டர்லாம் ஏத்த முடியாதாம், மதுரைக்குக் கொண்டு போங்கன்னாரு. மதுரைக்குக் கொண்டு போகவே வண்டி வேணுமே சார்ன்னேன். அவரும் யோசிச்சாரு.

பால்கோவா வாங்கல. எழுதி வைக்கேன், துரை நம்ப மாட்டாரு.

ஓ.அ. இன்னும் பேசல. கோலம் போடும்போது குட்மார்னிங் சொல்லிப் பார்த்தேன். கோலத்துகூடப் பேசுதாக.

ஆகஸ்ட் 14, வியாழன்

ராபின் போன்லயே வீடு மாத்துற கம்பெனி ஒண்ணு பிடிச்சுக் குடுத்தான். வீடியோவெல்லாம் அனுப்புதாக. யூனிபார்ம் போட்ட பயலுவ பீரோவைப் பச்சப்புள்ள மாதிரி தூக்குதானுவ. பேசினவன் வாயில தேன்.

துரை: "ஆபீஸ் எங்கன்னு கேளு."

"மதுரை மேடம்."

"மதுரையில எங்க?"

"மெயின் ரோடு மேடம்."

ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். சிரிச்சு முடிச்சிட்டு அட்வான்ஸ அனுப்பிட்டேன். முகூர்த்த நாள், இன்னைக்கு விட்டா வண்டி இல்லைங்கான். அது நெசந்தானே. ஊரே ஆடி முடியட்டும்னு காத்துக் கெடந்து ஒரே நாள்ல வீடு மாத்துது.

ஆகஸ்ட் 18, திங்கள்

புழுக்கம். கம்பெனிக்காரன் போன் எடுக்கல. மத்தியானம் எடுத்து "கன்ஃபார்ம் மேடம்"ன்னான். பின்னால டி.வி. சத்தம். ஆபீஸ்ல சீரியலா?

துரைகிட்டச் சொல்லல.

ஆகஸ்ட் 20, புதன்

சுவிச் ஆஃப். விடிஞ்சதுலேர்ந்து.

பழைய லோடு வண்டிக்காரன்: நாளைக்கு மூணு வீடு, முடியாது. சேத்தூர்ல தேங்காய் லாரிக்காரர்: சனிக்கிழமை ராத்திரி வேணும்னா தேங்காய்க்கு மேல போட்டுக் கொண்டு போறேன். சனிக்கிழமை காலையில மாவு வேணுமே அண்ணாச்சி. ஸ்ரீவி. புக்கிங் ஆபீஸ்: ஷட்டர் சாத்தியிருக்கு. அலைஞ்சு அலைஞ்சு செருப்பு வாரு அந்து போச்சு.

பழைய இரும்புக்காரன் வாசல்ல நின்னு கிரைண்டரத் தட்டிப் பார்க்கான். "குடுத்துரு தாயி. பஸ்ஸுல போயிரலாம்"ங்கார் துரை. அவரு தாயின்னு சொன்னா கை விட்டுட்டாருன்னு அர்த்தம்.

"எடைக்குப் போடணும்னா முதல்ல ஒங்களப் போடுவேன்"ன்னேன்.

குழாயத் திறந்து விட்டுட்டு அழலாம்னு குளிக்கப் போனேன். தண்ணி வரல. சத்தம் வெளிய கேட்ரும். அழல.

ஏசப்பா, நாலு சக்கரம் போதும். பெயிண்ட் எந்தக் கலரா இருந்தாலும் சரி.

ஆகஸ்ட் 21, வியாழன்

தூத்தல். சாமான் அம்புட்டும் தெருவுல. பேண்டேஜ் கட்டின சாமான் மேல மழை வேற. போற வாற ஆளெல்லாம், "என்னக்கா, யாருக்கு என்ன ஆச்சு?"

எட்டு மணிக்குப் புதுக் குடும்பம் லாரியோட வந்து இறங்குச்சு. பால் காய்ச்ச உள்ள போயிட்டாக. என் வீட்டுல வேற ஆளு பால் வாசம். கிரைண்டர் மேல குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

சும்மா நிக்க முடியாம அவுக சாமான் இறங்குறதப் பார்த்தேன். கொலுப் பொம்மைப் பெட்டி. கண்ணாடி அலமாரி. அந்த வீட்டம்மா ஒவ்வொரு பொம்மையாத் தொட்டுப் பார்க்காக. ஒண்ணுக்குக்கூட மூக்கு உடையல.

டிரைவர் தார்ப்பாய மடிச்சு வைக்காரு. வயசு நாப்பது இருக்கும். "அண்ணாச்சி, திரும்பி என்ன லோடு?"

"ஒண்ணுமில்லக்கா. காலி வண்டிதான்."

கிருஷ்ணகிரி. ஓ.அ. அன்னைக்கே சொன்னாகளே! நான் ரெண்டு ஊரும் அலைஞ்சேனே!

"ஓசூர்?"

"ஒரு எட்டுதான்க்கா. டீசல் காசு குடுங்க. இறக்கி, பார்த்துட்டுக் குடுங்க."

ஓ.அ. வாசல்ல நின்னு கேட்டுட்டு இருந்தாக. "காலி வண்டியாத் திரும்பும்னு எனக்கு முன்னாலயே தெரியுமே. நீ கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்."

"நீங்க பேசியிருந்தாக் கேட்டிருப்பேன்."

பாலு ஒரு டம்ளர் கொண்டு வந்து கையில திணிச்சாக. மழைத்தண்ணி விழுந்த பாலு. குடிச்சேன்.

சாயங்காலம், அதே நாளு

திண்டுக்கல் தாண்டியாச்சு. கிறுக்கல் கிறுக்கலா வருது, வண்டி குலுக்கம். நான் முன்னால. துரை பின்னால தார்ப்பாய்க்குள்ள, கிரைண்டரக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு. கல்யாணமான நாளா என்னை அப்படிப் பிடிச்சதில்ல. இறங்கினதும் கேக்கணும்.

பயம் இன்னும் விடல. இந்த ஆளு யாரு எவருன்னு தெரியாது. முருகேசன்கிறாரு. நம்பர் பிளேட்ட எழுதி ராபினுக்கு அனுப்பியிருக்கேன். அவருக்குத் தெரியாமத்தான்.

இப்ப டீக்கடை. "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்க்கா"ன்னு இறங்கி ரோட்டத் தாண்டிப் போயிட்டாரு.

சாவி வண்டியிலேயே தொங்குது. அவரு பர்சும் போனும் சீட்டு மேல, என் பக்கத்துல. நான் யாரு எவருன்னு அவருக்கும்தான் தெரியாது.