கடை ரகசியம்

செவ்வாய், இரவு.

நான் சேலை எடுக்கப் போன பட்டுக்கடையின் முதலாளி இன்று சிங்கப்பூர் அம்மா ஒருவருக்கு ஃபோனில் சேலை விற்றார். கார்டு எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, "பின்னாடி மூணு நம்பர் இருக்கும், சொல்லுங்கம்மா" என்றார். சொன்னதைக் கடை முழுக்கக் கேட்கும்படி திருப்பிச் சொன்னார்.

"அதைக் கேட்கவே கூடாதுங்க. பணம் கட்ட லிங்க் அனுப்புங்க" என்றேன்.

"நம்ம கடைதானே சார்! வியாபாரம் நடந்துகினு இருக்கு, பேஜார் பண்ணாதீங்க."

சேலைச் சீட்டில் அடக்கவிலையைச் சங்கேத எழுத்தில் குறித்திருந்தார். அர்த்தம் கேட்டேன். சட்டென்று கையால் மூடினார்.

"அது கடை ரகசியம்ங்க."

கார்டு எண் எழுதிய காகிதம் பக்கத்திலேயே திறந்து கிடந்தது.

அந்த அம்மா இந்நேரம் நிம்மதியாகத் தூங்குவார். எனக்குத்தான் அந்த மூன்று எண்களும் மறக்கமாட்டேன் என்கின்றன.