மூன்று ஆன்டிவைரஸ், ஒரு வேலை

ஜூலை 8, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். மத்திகிரி பஸ் லேட். கம்பெனியில் நுழைந்ததும் சூப்பர்வைசர் குண்டைத் தூக்கிப் போட்டார். பைனல் செக்கிங் டேபிளில் ஒரே பாகத்தை நானும் மல்லிகாவும் மாறி மாறிப் பார்ப்பது வீணாம். அடுத்த மாதம் முதல் ஒருத்தி போதும். ஞாயிறு காலை 10க்கு ஆன்லைன் தேர்வு, அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில், கம்பெனி தரும் சாப்ட்வேரில். 10.15 தாண்டினால் உள்ளே விடாது. மார்க் கூடினவளுக்கு வேலை.

மல்லிகா கேலி: "எனக்கே வுட்டுக் குடுத்துரு, அக்கா."

சிரித்து வைத்தேன்.

ஜூலை 10, வியாழன்
போன வாரம் பென் டிரைவில் வந்த வைரஸ் போல்டரையெல்லாம் நாசமாக்கியது. தேர்வன்று அப்படி ஆனால்? ஏற்கெனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது. இன்று இன்னும் இரண்டு போட்டேன். இலவசம்தானே. கம்ப்யூட்டர் கடைக்காரர் கன்னடத்தில் "ஒந்து சாக்கு" என்றார். ஒன்று போதுமாம்! அவருக்கென்ன தெரியும். ஒருத்தி கண்ணுக்குத் தப்பினது இன்னொருத்தி கண்ணில் மாட்டும். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.

வீட்டுக்காரர்: "வாசல்ல மூணு நாயக் கட்டுனா திருடனும் வரமாட்டான், நாமளும் உள்ள போவ முடியாது."

பேச்சைப் பார்.

ஜூலை 12, சனி
கம்ப்யூட்டர் ஊர்கிறது. ஒரு ஆன்டிவைரஸ் இன்னொன்றை வைரஸ் என்கிறது. அது இதை. நிமிஷத்துக்கு ஒரு எச்சரிக்கை. பருப்பு அடிப்பிடித்தது. எதையும் எடுக்கப் பயம். எது நல்லது, எது வேண்டாதது, எப்படித் தெரியும்?

ஜூலை 13, ஞாயிறு
9.40. தேர்வு சாப்ட்வேரையே காணோம். மூன்றில் ஏதோ ஒன்று பிடித்து அடைத்துவிட்டது. வீட்டுக்காரர் ஷிப்டில். யாரைக் கூப்பிட? வெட்கத்தை விட்டு மல்லிகாவுக்கே போன் போட்டேன். கெலமங்கலத்தில் அவளும் தேர்வுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"பதறாதக்கா. ரெண்டத் தூக்கிரு. நான் லைன்லயே இருக்கறேன்."

ஒன்று போய்த் தொலைந்தது. மற்றது போகவே மாட்டேன் என்றது. ரீஸ்டார்ட். மணி 10.08.

"வச்சிருடி, உனக்கு நேரமாவுது."

"எனக்கு ரெண்டு நிமிஷம் போதும். மொதல்ல உன்னுது தொறக்கட்டும்."

10.14க்கு மற்றதும் போய், தேர்வு திறந்தது. "எழுதுக்கா" என்று வைத்துவிட்டாள். நாற்பது கேள்வி. சுமாராக எழுதினேன்.

ஜூலை 14, திங்கள்
வெயில். நோட்டீஸ் போர்டில் என் பெயர். அவள் பெயருக்கு நேரே "எழுதவில்லை". 10.16க்கு உள்ளே போகப் பார்த்தாளாம். விடவில்லை.

நடந்ததைச் சொன்னால் மறுபடி தேர்வு வைப்பார்கள். சூப்பர்வைசர் அறை வரை போனேன். திரும்பிவிட்டேன். என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

டேபிளில் எதிரே உட்கார்ந்து, பாகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "கம்ப்யூட்டரு இப்ப ஸ்பீடா ஓடுதாக்கா?"

நல்லா ஓடுது என்றேன்.