மூப்பர் பெண் கேட்ட கதை

முசாங்கா,
டிசம்பர் இரண்டாம் ஞாயிறு, ஆராதனைக்குப் பின்

அன்பு மகள் இமாலிக்கு,

அந்தக் குளிர் தேசத்தில் கர்த்தர் உன்னைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும். இங்கே நாங்கள் சுகம். பசு சுகம். உன் அப்பாவுக்கு மட்டும் இடுப்புப் பிடிப்பு. அதற்கு ஒரு காரணம் உண்டு, சொல்கிறேன்.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இரண்டு வருடமாக உன்னோடு பேசாத மனிதர், நான் உன்னோடு பேசும்போது மட்டும் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். நின்று, நான் சொல்வதையெல்லாம் திருத்துகிறார். "பள்ளத்துல விழுந்தது ஆடு இல்ல, ஆட்டுக்குட்டின்னு சொல்லு" என்கிறார். இந்த விஷயத்தை அவர் திருத்தினால் ஒன்றும் மிஞ்சாது. ஜெஸ்காவின் மகள் உங்கள் ஊருக்கு விமானம் ஏறுகிறாள். அவள் பையில் இதையும் ஒரு பொட்டலம் வறுத்த நிலக்கடலையையும் போட்டு அனுப்புகிறேன்.

நம் சபைக்கு எல்கானா என்று புதுப் பாஸ்டர் வந்திருப்பது உனக்குத் தெரியும். நைரோபியில் படித்த பிள்ளை. திருமணம் நடத்த அரசாங்கம் கொடுத்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆலயத்தில் மாட்டியிருக்கிறார். போன மாதம் அவர் பிரசங்கத்தின் முடிவில், இப்போதைய சட்டப்படி எல்லாக் கல்யாணமும் பதிவாக வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் இறந்த பிறகு பெண்கள்தான் சாட்சி தேடி அலைய வேண்டியிருக்கும் என்று சொன்னார். தன்மையாகத்தான் சொன்னார். உன் அப்பா அதை வீட்டுக்கு எடுத்து வந்து, நன்றாக முறுக்கி, சாட்டையாக்கிக்கொண்டு மூப்பர்கள் கூட்டத்துக்குப் போனார்.

அவர் கொண்டுவந்த தீர்மானம் இது. 'வா, இருப்போம்' என்று கல்யாணம் எழுதாமல் சேர்ந்து வாழ்கிற குடும்பங்களெல்லாம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஆலயத்தில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அதுவரை ஆணும் பெண்ணும் தனித்தனியாகப் படுக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது, சபையில் பொறுப்பு கிடையாது, பாடகர் குழுவில் இடம் கிடையாது. தீர்மானம் நிறைவேறியது. உன் அப்பா குரலை உயர்த்தினால் எதுதான் நிறைவேறாது?

முதல் அடி எம்போனேவுக்கு. ஆளேற்றும் போடா போடா பைக் ஓட்டுகிறானே கிசிவுலி, அவனோடு இருக்கிறாளே, அந்தப் பெண். கிறிஸ்துமஸ் நாடகத்தில் மரியாளாக வந்து பாட இருந்தவள். அவள் குரலுக்காகவே மெதடிஸ்டுகள்கூட நம் சபைக்கு வருவார்கள். இப்போது வயிற்றில் பிள்ளை. கல்யாணம் எழுதாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மரியாளாக நிற்பதா என்று உன் அப்பா கேட்டார். மாதர் சங்கத்தின் சார்பில் உட்கார்ந்திருந்த ஜெஸ்கா மெதுவாக, "மூப்பரே, மரியாள் எந்தச் சர்டிபிகேட்டக் காட்டினா?" என்றாள். உன் அப்பா இது பொருளுக்குப் புறம்பான கேள்வி என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ககமேகாவிலிருந்து பதிவாளர் அலுவலகத்து அம்மாள் ஒருவர் சட்டத்தை விளக்க வந்திருந்தார். மூப்பர்கள் முதலில் தங்கள் சான்றிதழைக் காட்டி மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டும் என்றார் பாஸ்டர். உன் அப்பா எங்கள் கல்யாணப் பத்திரத்தைச் சுவரிலிருந்து கழற்றி, கண்ணாடியைத் துடைத்து, குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு போனார். நானும் பின்னால் போனேன்.

அந்தக் கதை உனக்குத் தெரியும்தானே. சுவிசேஷகர் சக்கரியா கூடாரம் போட்டு எழுப்புதல் கூட்டம் நடத்தியபோது சோளக்கொல்லையில் ஒரே மூச்சில் பதினோரு ஜோடிக்கு நடந்த கல்யாணம். கையைப் பிடியுங்கள் என்று அவர் சொன்ன நேரம் பார்த்து மழை கொட்டி எல்லாரும் இடித்துக்கொண்டு ஓடியதில் நான் பக்கத்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் பத்திரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு, "ஐயா, இது கோழித் தீவனக் கடை முத்திரைங்க" என்றார்.

உண்மைதான். வட்டத்தைச் சுற்றிப் பொடி எழுத்தில் 'மொத்தமாகவும் சில்லறையாகவும்' என்று இருந்தது. சுவிசேஷகருக்கு உரிமம் இருந்ததே இல்லையாம். தன் தம்பியின் கடை முத்திரையைக் குத்தியிருக்கிறார். "முப்பது வருஷத்துக்கு மேல சுவத்துல தொங்குதும்மா" என்றார் உன் அப்பா. "தொங்குறதெல்லாம் செல்லாதுங்க, ஐயா" என்றார் அந்த அம்மாள். சரி, குல வழக்கப்படி பெண் வீட்டுக்குப் பரிசமாக மாடு கொடுத்திருந்தால் அதையாவது பதிவு செய்யலாம், கொடுத்தீர்களா என்று கேட்டார். உன் அப்பாதான் இரட்சிக்கப்பட்டவராயிற்றே, மாடு கொடுப்பது அஞ்ஞான வழக்கம் என்று என் அப்பாவுக்கு ஒரு வேதாகமமும் கம்பளியும் கொடுத்தவர். அந்த வேதாகமம் இன்னும் பால் கறக்கவில்லை என்று உன் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் அப்பா எந்தச் சலுகையும் கேட்கவில்லை. தன் பொறுப்பில் இருந்த ஆலய அலமாரிச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டுக்கு வந்தார். கம்பளியைச் சுருட்டிக்கொண்டு, உர மூட்டை அடுக்கியிருக்கிற கொட்டகைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். எதற்கு இந்தக் கூத்து என்றேன். "விதி எழுதினவன் நான்" என்றார். இடுப்புப் பிடிப்பு அப்படி வந்ததுதான்.

சமையலும் தனியாகத்தான். அவர் கிண்டுகிற சோளமாவு உகாலிக் களியைக் கொண்டு ஆலயத்துக்கு ஒரு சுவரே எழுப்பலாம். சனிக்கிழமை நான் கோழி அடித்தேன். இத்தனை வருடமும் இரைப்பையை வீட்டு ஆம்பளைக்கு என்று எடுத்து வைத்தவள் நான். இப்போது சட்டப்படி இந்த வீட்டில் ஆம்பளை இல்லை. ஆகவே நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, இமாலி. இத்தனை நாள் ஏன் ஒளித்து வைத்தார்கள் என்று இப்போது புரிகிறது.

மறுநாள் காலை கொட்டகை வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "இமாலி அம்மா, நீல கவுனத் தேச்சு வை. அந்த ஜோடிங்களோட நம்ம பேரையும் சேத்தாச்சு" என்றார். யாருக்குக் கல்யாணம் என்றேன். நமக்குத்தான் என்றார். "என்னை யாரும் கேக்கலியே" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் வாயிலிருந்து வந்த பிறகு அந்தச் சொல் என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கும் என்னை யாரும் கேட்கவில்லை. நான் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது என் அப்பாவும் சுவிசேஷகரும் பேசி முடித்தார்கள். குடத்தை இறக்கியபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இருந்தாலும் கேட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வந்துவிட்டது.

பாஸ்டரின் கல்யாண வகுப்புக்கு மற்றவர்களைப் போல நாங்களும் போனோம். பிள்ளைகளுக்கு நடுவில் உன் அப்பா முழங்காலை மடக்கிக் குட்டைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு வரப்போகிறவளுக்கு என்ன பிடிக்கும் என்று பாஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டார். கிசிவுலி, எம்போனேவுக்குப் பழுத்த கொய்யாவைவிடச் செங்காய்தான் பிடிக்கும் என்றான். உன் அப்பா வெகுநேரம் யோசித்து, "டீ" என்றார். எனக்கு டீ ஒத்துக்கொள்ளாமல் போய் எத்தனையோ காலம் ஆயிற்று, கஞ்சிதான் குடிக்கிறேன் என்று நான் சொன்னபோது சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். புது ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது.

பிறகு இரண்டு மூப்பர்களைத் தூது அனுப்பினார். கஞ்சி கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கடைசியில் புதன்கிழமை அவரே கக்கத்தில் ஒரு கோழியை இடுக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்கு வந்து நின்றார். கேட்க வாய் வரவில்லை. கோழிதான் பேசிக்கொண்டிருந்தது. நானே சொன்னேன்: "எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். இமாலி வீட்டுக்கு வரணும். தனியா இல்ல, தெந்தாயோட." அவர் முகம் இறுகியது. "அவங்க கல்யாணம் எழுதாம இருக்காங்க" என்றார். "இன்னிக்குத் தேதில நீங்களும் நானும் அப்படித்தான்" என்றேன். கோழியைக் கீழே விட்டுவிட்டுப் போய்விட்டார். அது இப்போது நம் விறகுக் குவியலில் முட்டை வைக்கிறது.

அவர் பதில் சொல்லவில்லை. நானும் சம்மதம் சொல்லவில்லை. மாதர் சங்கம் முழுவதும் எனக்காக ஜெபிக்கிறது, ஆனால் எதற்காக என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நீயும் ஜெபி. தெந்தாயை அதிகாலையில் பேருந்து எடுக்கும்போது காதை மூடிக்கொள்ளச் சொல். நான் சொன்னதாகவே சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா ஃபனிஸ்

*

முசாங்கா,
ஜனவரி முதல் வாரம்

கர்த்தருக்குள் மகள் இமாலிக்கு உன் அப்பா ஹெஸ்போன் அகுஃபானா எழுதுவது.

நான் கடிதம் எழுதிப் பழகியவன் அல்ல. கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள்தான் எழுதியிருக்கிறேன். ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சாட்சி சொல்லும் வேளையில் எழுந்து நின்றேன். கல்யாணத்தை எழுதி வைப்பது பெண்களுக்கு நல்லது, அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை என்றேன். ஆனால் எழுதாதவர்கள் பாடக்கூடாது என்று நான் சேர்த்த வரியை எடுத்துவிடும்படி சபையைக் கேட்டுக்கொண்டேன். கைகள் உயர்ந்தன. எண்ணவே வேண்டியிருக்கவில்லை. ஜெஸ்கா இரண்டு கையையும் தூக்கினாள்.

அதன்பின் உன் அம்மா உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் போனேன். சபை முழுவதும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆயத்தம் செய்து வைத்திருந்த வாக்கியம் மறந்துபோனது. "ஃபனிஸ், என்னைக் கட்டிக்கிறியா" என்று மட்டும் கேட்டேன். அவள் பெயரைச் சொல்லி அழைத்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. நான் சொன்னது என்ன ஆயிற்று என்றாள். போனில் எனக்குப் பேச வராது, இருவரையும் வரச்சொல்லிக் கடிதமே எழுதுகிறேன் என்றேன். அப்படியானால் சரி என்றாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஏழு ஜோடிக்குக் கல்யாணம் நடந்தது. நாங்கள் கடைசி. உன் அம்மா நீல கவுன் உடுத்தவில்லை, ஜெஸ்கா கொடுத்த மஞ்சள் உடுப்பில் வந்தாள். நன்றாக இருந்தது என்று அவளிடமே சொன்னேன். மறுநாள் நாடகத்தில் எம்போனே மரியாளாக நின்று பாடினாள். வயிற்றுக்குத் தலையணை தேவைப்படவில்லை. ஜெஸ்கா கொடுங்கோல் ராஜா ஏரோதாக வந்தாள். அது நடிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அலமாரிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

இனி உன் விஷயம். அந்தப் பையன் பேருந்து ஓட்டுவதாக உன் அம்மா சொல்கிறாள். அது பொறுப்பான வேலை. அவனுடைய ஜனம் யார், அவன் அப்பா இருக்கிறாரா என்று நான் இதுவரை கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். நீங்கள் எப்போது கல்யாணம் செய்துகொள்வீர்கள் என்று இந்தக் கடிதத்தில் கேட்கக் கூடாது என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். கேட்கவில்லை.

முன் அறைக்குக் கட்டில் செய்யத் தச்சனை வரச் சொன்னேன். வருகிற ஆளின் உயரம் என்ன என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. கட்டில் ஒன்றா, இரண்டா என்று கேட்டான். நான் முற்றத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்து, ஒன்று போதும், அகலமாகச் செய் என்றேன். அதன்பின் உள்ளே போய் வெகுநேரம் முழங்காலில் இருந்தேன். கர்த்தர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை.

அவன் உயரத்தை எழுதி அனுப்பு. மரம் அறுத்தாயிற்று, தச்சன் காத்திருக்கிறான். மழை தொடங்கினால் நம் ஊர்ப் பாதையில் வண்டி வராது, அதற்கு முன்னால் வாருங்கள்.

கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

உன் அப்பா