கிழக்குத் தெருவில் வைக்காத புள்ளிகள்

அன்புள்ள ஜெனிட்டா அக்காவுக்கு,

மாரிசெல்வி எழுதுகிறேன். உங்களுக்குக் காய்ச்சல் முழுதாக விட்டதா? சென்னை ஹாஸ்டல் சாப்பாடு இப்போதாவது ஒத்துக்கொள்கிறதா?

மெசேஜ் அனுப்பாமல் இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போன் அம்மாவுடையது. ராம்குமார் அண்ணன் அதில் வருவது போவது எல்லாவற்றையும் திறந்து பார்ப்பான். எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா இருமும்போது பேனாவை வைத்துவிட்டு அசையாமல் இருக்கிறேன்.

நாம் வீடு வீடாகப் போய் எடுத்த நோய்க் கணக்கை வைத்து நீங்கள் அனுப்பிய வரைபடத்தை ஞானசுந்தரி டீச்சர் வகுப்பில் பெரிதாகக் காட்டினார். நீங்கள் எழுதியதையும் வாசித்தார். பட்டாசுக் கம்பெனி வேன் நிற்கும் பொட்டலில்தான் மூச்சுத்திணறலுக்கான சிவப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருக்கின்றன, அதனால் மருத்துவ வண்டி இனி அங்கேயே நிற்கும் என்று எழுதியிருந்தீர்கள். கிழக்குத் தெருவில் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை, அங்கே தண்ணீர் நல்லதா, காற்று நல்லதா என்று ஆராய வேண்டும் என்றும், அடுத்த வாரம் விருதுநகர் அதிகாரிகள் கூட்டத்தில் அந்தத் தெருவைத்தான் உதாரணமாகக் காட்டப்போகிறேன் என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசியில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டியிருந்தீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்கா, கிழக்குத் தெருவில் நோய் இருக்கிறது. மற்ற தெருக்களைவிட அதிகமாகவே இருக்கிறது.

மற்ற தெருக்களுக்கு நாம் இரண்டு பேரும் சேர்ந்து போனோம். கிழக்குத் தெருவுக்குப் போகிற அன்று நீங்கள் காய்ச்சலில் படுத்துவிட்டீர்கள். உன் தெருதானே, நீயே முடித்துவிடு என்று டேப்லெட்டை என்னிடம் கொடுத்தீர்கள். முதலில் பக்கத்து வீட்டுப் பாண்டிமீனா மதினியிடம் போனேன். அவள் மடியில் மகள் பிரீத்தி படுத்திருந்தாள். மூன்று வயது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் மாதிரிச் சத்தம். வரைபடத்தில் அவள் வீட்டின் மேல் புள்ளி வைக்க நான் திரையில் விரலைக் கொண்டுபோனேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, எங்க கூரை மேல புள்ளி வச்சிட்டுப் போயிருவ. நாளைக்கு அந்தப் புள்ளியப் பாத்துக்கிட்டே ஜீப்பு வந்து நிக்கும். ஒங்க அக்காவா வந்து மறிப்பாக?" என்றாள்.

உங்களுக்குத் தெரியாது. எங்கள் தெருவில் பாதிப் பேர் வேனில் ஏறிக் கம்பெனிக்குப் போவதில்லை. கைக்குழந்தைக்காரிகளும், கம்பெனியில் வயதாகிவிட்டது என்று நிறுத்தப்பட்டவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலேயே சரவெடி பின்னுகிறார்கள். வெடிமருந்து அடைத்த வெடிகளைத்தான் கம்பெனியிலிருந்து மூட்டையில் கொண்டுவந்து போடுவார்கள். வீட்டில் வைத்துப் பின்னக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் பக்கத்து ஊரில் ஒரு வீட்டிலிருந்து போலீஸ்காரர்கள் மூட்டைகளை அள்ளியபோது அந்த வீட்டு அம்மாவையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதனால் எங்கள் தெருவில் இருமல்கூட வெளியே தெரியக்கூடாத விஷயம். யார் வந்து கேட்டாலும் எல்லோரும் சுகமாக இருக்கிறோம் என்றுதான் சொல்வார்கள்.

நம் வீட்டுக்குப் புள்ளி வைக்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "நீ வேற எங்கன வேணாலும் வச்சுக்கோ. இங்கன வைக்காத," என்றாள்.

அப்போதுதான் அந்தப் புத்தி வந்தது. புள்ளியே வைக்காவிட்டால் உங்கள் கணக்குக் குறைந்துவிடும். எத்தனை பேருக்கு நோய் என்பது சரியாக இருந்தால் போதும், எந்த இடம் என்பதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எங்கள் தெருக்காரர்கள் எல்லோருடைய புள்ளியையும் வேன் நிற்கிற பொட்டலில் வைத்தேன். அங்கே வீடே கிடையாது, யாரையும் பிடிக்க முடியாது என்பதுதான் காரணம். இடம்தான் முக்கியம் என்று நீங்கள் முதல் நாளே சொன்னீர்கள். எனக்கு அன்றைக்கு அது விளங்கவில்லை.

மருத்துவ வண்டி ஒருமுறை வந்துபோய்விட்டது அக்கா. கம்பெனி வேன்கள் விடியும்போதே ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. வண்டி வந்தபோது பொட்டலில் ஆடுகள்தான் நின்றன. டாக்டரம்மா சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டார். எங்கள் தெருவிலிருந்து யாரும் அங்கே போகவில்லை. பகலில் பொட்டலில் போய் நின்றால் கம்பெனிக்குப் போகாமல் நீ வீட்டில் என்ன செய்கிறாய் என்று கேள்வி வரும்.

அன்று ராத்திரியே பிரீத்திக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ராம்குமார் அண்ணன்தான் பைக்கில் சாத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வீட்டில் வெடிமருந்துப் பொடி ஏதாவது புழங்குகிறீர்களா என்று அங்கே கேட்டார்களாம். இல்லை என்று மதினி சொல்லிவிட்டாள். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, "ஏ புள்ள, ஆட்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்க வண்டி விட்டுருக்காகளாமே. நாங்க எப்ப அம்புட்டுப் பெரிய ஆளாகுறது?" என்று சிரித்தாள். நான் செய்தது அவளுக்குத் தெரியாது. தெரியாமல் சிரித்ததுதான் தாங்க முடியவில்லை.

கூட்டத்தில் அந்த வரைபடத்தைக் காட்டாதீர்கள் அக்கா. காட்டிவிட்டால் கிழக்குத் தெரு நல்ல தெரு என்று எழுதி வைத்துவிடுவார்கள். பிறகு அங்கே எந்த வண்டியும் வராது. ஆனால் புள்ளிகளைத் திரும்ப எங்கள் கூரைகளில் வைத்தாலும் எனக்குப் பயம். இதை எழுதும்போதே அம்மாவைக் காட்டிக்கொடுப்பது போல இருக்கிறது. வீடு தெரியக்கூடாது என்றால் இரண்டு மூன்று தெருக்களைச் சேர்த்து ஒரே நிறமாகக் காட்டலாம் என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னீர்களே, அப்படிச் செய்ய முடியுமா? வண்டியைத் தெருமுனைக் கோயில் பக்கம் நிறுத்தினால் போதும். சாமி கும்பிடப் போகிற மாதிரி எல்லோரும் வந்துவிடுவார்கள். முதலில் பிரீத்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

என்மேல் கோபப்படுங்கள். பரவாயில்லை. மதினிமேல் மட்டும் கோபப்படாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு நான் பொட்டலில்கூடப் புள்ளி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேர் அக்கா. ஒன்று அம்மாவுக்கு, சிவப்பு. இன்னொன்று கைத்தோல் வெடித்துப் புண்ணானவர்களுக்கு என்று வைத்தீர்களே, அந்தப் பச்சை. வயது கேட்டால் பதினாறு என்று போடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகுதான் வெடி பின்னுகிறாள் என்று தெரிந்தால் போதும். பெயர் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

உங்களை நம்பியிருக்கும்,
மாரிசெல்வி