இடது காதில் ரீங்காரம்

ஜூலை 8, செவ்வாய்

விடாத தூறல். துணி காயவில்லை. ஃபேனுக்கு அடியில் மூன்று சட்டை.

காலையில் பால் பாக்கெட் எடுக்கக் குனிந்தேன். வீடே சுற்றியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளியே குளிர், எனக்கு நெற்றி, முதுகு, உள்ளங்கை எல்லாம் வியர்வை. கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது. இடது காதில் மட்டும் ஒரு ரீங்காரம் மிச்சம். குக்கர் விசில் அடிப்பதற்கு முன் வரும் சீறல் போல.

சாயங்காலம் சரோ பேசினாள். மகள் மாலுவின் பிரசவத்துக்காகக் கோவை போனதிலிருந்து இதே நேரம்தான். போனை இடது காதில் வைத்தேன். நிருபர் வேலையின் பழக்கம்: இடது கையில் போன், வலது கையில் பேனா. அவள் சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போல் இருந்தது. வலது காதுக்கு மாற்றினேன். தெளிவு. ஆனால் அந்தக் காதில் அவள் குரல் வேறு யாருடையதோ போல.

சொல்லவில்லை. சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள். வந்தால் தேவலை என்றும் இருக்கிறது. அதனால்தான் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

காம்ப் கடைவீதியில் நண்பர் பஷீரின் கடையில் டீ. டிராவல் பை, சூட்கேஸ் வியாபாரம், மேலப்பாளையத்துக்காரர். நேற்று நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, இது காது விவகாரம். எங்க மச்சானுக்கும் இப்படித்தான் வந்துச்சு. பிரஷரு, பிரஷருன்னு அலைஞ்சாரு. நீங்க இன்னைக்கே காது டாக்டர்ட்ட போங்க."

"மச்சான் டாக்டரா?"

"ஒரு காது செவிடு. அதுக்கு மேல என்ன டிகிரி வேணும் உங்களுக்கு?"

சிரித்துவிட்டேன். ஒரே ஆள் சொன்னது. இன்னொரு இடத்தில் உறுதிப்படுத்தாமல் நான் ஒரு வரிச் செய்தி கொடுத்ததில்லை.

விசாரிக்க:
– ரத்த அழுத்தம் (ஏறினாலும் சுற்றும், இறங்கினாலும் சுற்றும்)
– சர்க்கரை இறங்குவது. வியர்வைக்கு முதல் சந்தேகம்
– ரத்தசோகை
– பி.பி. மாத்திரை மாற்றியது
– காதில் அழுக்கு
– உள்காது
– சாப்பாடு, தூக்கம் (இரண்டும் மோசம்)
– மனப் பதற்றம். கீழ்வீட்டு ஜோஷி அம்மாவின் கணிப்பு. "பாபி எப்போ வர்றாங்க?" என்று சரோவைப் பற்றி இந்தியில் கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. சர்க்கரை சரி. ஹீமோகுளோபின் சரி. பி.பி.யும் பார்த்தேன், சரி. பட்டியலில் மூன்று அடித்தாயிற்று. நம் குடும்ப டாக்டர் பண்டரிபுர யாத்திரைக்கு நடந்து போயிருக்கிறார், திங்கள்தான் வருவார். அவர் சொல்லட்டும்.

இரண்டு கப்பில் காபி ஊற்றிவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

மறுபடி சுற்றல். வாந்தி. இடது காது அடைத்தே இருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

சரோ எடுத்ததும்: "ஏனுங்க, பேனா எங்க?"

"எந்தப் பேனா?"

"நான் பேசறப்ப டிக்கு டிக்குன்னு அமுக்கிட்டே இருப்பீங்கல்ல. இந்த வாரம் பூரா அந்தச் சத்தத்தையே காணோம். போன வலது கையில புடிச்சிருக்கீங்க. இடது காதுக்கு என்னாச்சுங்க?"

இத்தனை வருட நிருபர் வேலையில் இப்படி ஒரு கேள்வி நான் யாரையும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"பஷீர் பாய் சொன்ன அன்னிக்கே போறதுக்கென்ன?"

"உறுதிப்படுத்திக்கலாம்னு..."

"உங்க காது கேக்கலைங்கறதுக்கு ரெண்டாவது ஆள் எங்கிருந்துங்க வருவான்?"

நாளைக்கே காது டாக்டரிடம் போவதாகச் சொன்னேன். அதற்குப் பிறகும் அவள் போனை வைக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

மழை. ரிக்‌ஷாவில் காது டாக்டர். சின்னப் பெண், என்னை மராத்தியில் 'காகா', அதாவது சித்தப்பா, என்றாள். கண்ணாடி அறையில் ஹெட்போன். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வலதில் அமுக்கினேன், அமுக்கினேன். இடதில் என் ரீங்காரம் மட்டும்.

உள்காதுதான். ஸ்டீராய்டு மாத்திரை, இன்றே. கேட்கும் திறன் திரும்பி வருமா என்று கேட்டேன். "சிலருக்கு முழுசாக வரும், காகா. சிலருக்குக் கொஞ்சம். சிலருக்கு வராது. காது திடீரென்று மங்கினால் காத்திருக்கவே கூடாது. அன்றே வந்திருக்கலாம்." திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பஷீர்: "ரெண்டு பேர் சொல்லியாச்சு அண்ணாச்சி. இனி அச்சுக்குப் போலாம்ல?" டீயை நீட்டினார். சிரிக்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

தூறல் நின்றது. சுற்றல் இல்லை. ரீங்காரம் அப்படியே. மாத்திரையால் பசி அதிகம்.

மாலுவுக்குப் பெண். காலையில். இருவரும் நலம். குழந்தையின் அழுகையைப் போனில் கேட்க வைத்தார்கள். வலது காதில் கேட்டேன்.

சாயங்காலம் சரோ. "மாலுவ யார்கிட்டயாவது விட்டுட்டு ரெண்டு நாள் வந்துட்டுப் போகட்டுங்களா?"

"வேண்டாம். அங்கேயே இரு."

அவள் குழந்தையின் மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். போனை இடது காதுக்கு மாற்றினேன். வலது கையில் பேனாவை எடுத்து இரண்டு முறை அமுக்கினேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. அவள்தான் என்று தெரிந்தது.