அவருக்குப் பாடு இல்லை

மார்ச் 3

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு கட்டிலின் தலைமாடு தெற்குச் சுவரிலிருந்து கிழக்குச் சுவருக்கு மாற்றப்பட்டது. காலையில் தொடங்கிய விவாதம் மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு முடிவுக்கு வந்தது. மனைவி அமுதவல்லி எதிர்த்தாள், பிறகு கட்டிலை ஒற்றையாளாக இழுத்தாள். இடது கையால் எடை தூக்கக் கூடாது என்பதால் நான் மேற்பார்வை செய்தேன்.

காரணம், டப்பா. இடது தோளுக்குக் கீழே, மார்பில் பேஸ்மேக்கர் வைத்துத் தைத்து அனுப்பியபோது கூடவே இந்த வெள்ளை டப்பாவையும் கொடுத்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் பிளக்கில் செருகி வைக்க வேண்டும். நான் தூங்கும்போது அது பேஸ்மேக்கரிடம் அன்றைய சேதியைக் கேட்டுச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். கிளை நூலகத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும் நான் என்ன படிக்கிறேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. இப்போது என் தூக்கத்தைப் படிக்க ஒரு துறையே விழித்திருக்கிறது.

சேதி போனால் பச்சை விளக்கு. போகாவிட்டால் ஆரஞ்சு.

ஆரஞ்சு எரிகிறது.

மார்ச் 5

ஆரஞ்சு.

மார்ச் 7

தலைமாடு மறுபடி தெற்கே. ஆரஞ்சு. கிழக்கு வெளிச்சம் நன்றாக இருந்தது என்கிறாள் அமுதவல்லி. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மார்ச் 9

எங்கள் வீட்டில் போன் பேச வேண்டுமென்றால் பின்பக்கம் அடிபம்பு அருகே நிற்க வேண்டும். அங்கேயும் சில நாள் ஏரிக்கு அந்தப் பக்கத்து டவர் பிடித்துக்கொண்டு, ஆந்திராவுக்கு வருக என்று தெலுங்கில் சேதி வரும். நகராமலே நான் பலமுறை மாநிலம் கடந்திருக்கிறேன். டப்பாவுக்கும் இதே கதிதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜாக்குலின் என்ற நர்ஸ் கூப்பிட்டார். "சார், உங்க டேட்டா ஒரு நாள்கூட வரல. நைட்டு வீட்லதான தூங்குறீங்க?"

அமுதவல்லி பக்கத்தில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். "நல்லா கேளும்மா. எங்க போயி தூங்குறாருன்னு எனக்கும் தெரியணும்."

சிரிக்கும் விஷயமில்லை என்றார் நர்ஸ். எனக்கும் தெரியும். இதயத்தின் மேல் அறைகள் அவ்வப்போது தாளம் தப்புகின்றனவோ என்று டாக்டருக்குச் சந்தேகம். வலிக்காது. ஆனால் ரத்தம் அங்கே தேங்கி, கட்டியாகி, மூளைக்குப் போகலாம். தப்புவது தெரிந்தால் மாத்திரை தருவார்கள். தெரியாவிட்டால் ஒரு காலையில் வாய் கோணியிருக்கும். அப்போது எல்லாருக்கும் தெரியும்.

மார்ச் 10

மீஞ்சூரிலிருந்து மகள் மாலா வந்தாள். டப்பாவையும் நீள வயரையும் தூக்கிக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனாள். தேர்தல் சமயத்தில்கூட இவ்வளவு வீட்டுக்கு யாரும் போனதில்லை.

ஒரே ஒரு வீட்டில் பச்சை எரிந்தது. சின்னதம்பி வீட்டு மாடி அறை.

சின்னதம்பி என் தம்பி. பேச்சு நின்று ஒன்பது வருடம். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களை எங்கள் ஊர் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். நைனா செத்த பிறகு எங்கள் இருவர் பெயரும் பாட்டில் இருந்தது. நான் நூலகம் போனேன், அவன் ஏரிக்குப் போனான். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டான்: "தண்ணில எறங்காதவனுக்கு இன்னா பாடு?"

நல்ல வாக்கியம். ஒரு சொல்கூட அதிகமில்லை. ஊர் ஏற்றுக்கொண்டது. என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 12

போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"சரி, போவாத," என்றாள் அமுதவல்லி. "வாயி கோணிப் போச்சுன்னா பொஸ்தகத்த யாரு படிச்சிக் காட்டுவா? என்னாண்ட எதிர்பாக்காத."

மாலா என்னிடம் கேட்கவில்லை. நேராகப் போய்ச் சித்தப்பாவிடம் கேட்டுவிட்டாள். பதில் வந்தது: "வரச் சொல்லு. பாயி மட்டும் அவரே எடுத்தாரட்டும்."

மார்ச் 13

பாயோடு போனேன். மாடி அறையில் பாதி வலை, பாதி நான்.

சின்னதம்பி வாசற்படியில் நின்று, கூடவே நின்ற தன் மனைவி அங்காளம்மாளிடம் சொன்னான்: "ஃபேன் வேணுமான்னு கேளு."

"வேணாம்னு சொல்லும்மா," என்றேன்.

"கொசு புடுங்கும்னு சொல்லு."

அங்காளம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எனக்கு அடுப்புல கொழம்பு கீது. நீங்களே சொல்லிக்குங்க," என்று இறங்கிப் போனாள். அவன் ஃபேனைப் போட்டுவிட்டுப் போனான்.

பச்சை.

மார்ச் 17

பச்சை. வலை நாற்றம் சட்டையில் ஏறிவிட்டது. டீக்கடையில், ஏரிக்குப் போகும் பூபதி மோந்து பார்த்துவிட்டு, "இன்னா லைப்ரரி, தொழிலுக்குப் போறியா?" என்றார்.

மார்ச் 21

போனைச் சார்ஜில் போட்டு மாடியிலேயே விட்டுவிட்டேன். காலையில் ஜாக்குலின் கூப்பிட்டபோது எடுத்தவன் சின்னதம்பி. அங்காளம்மாள் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்து, சிரிப்பை அடக்க முடியாமல் முழுவதையும் நடித்துக் காட்டினாள்.

ராத்திரி இதயம் பல மணி நேரம் தாளம் தப்பியிருக்கிறது, டப்பா சொல்லிவிட்டது. "பாவம், நைட்டு ரொம்பப் பாடு பட்டாரா?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறார்.

"அவருக்கு ஏதும்மா பாடு? ஒம்பது வருசமா இல்ல."

"ஒம்பது வருஷமாவா? நீங்க யாரு சார்?"

"தம்பி. எனக்குத்தான் கீது. வர்ற திங்கக்கெழம எனக்குப் பாடு."

"திங்கக்கிழமையா? எப்படி சார் முன்னாடியே தெரியுது?"

"சீட்டுப் போட்டு எடுத்ததும்மா. எனக்கு அப்புறம் பூபதிக்கு."

குறித்துக்கொள்கிறேன் என்றாராம் அந்தப் பெண். கஷ்டத்தைச் சீட்டுக் குலுக்கி, ஆள்வைத்து, கிழமைவைத்துப் பங்கு போட்டுக்கொள்ளும் ஊர் என்று எங்களை எண்ணியிருப்பார். பெரிய பிழை என்று சொல்ல முடியவில்லை.

மார்ச் 22

ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். ஆக, டப்பா தன் வேலையைச் செய்துவிட்டது. பாயைச் சுருட்டலாமா என்று கேட்டேன். தொடர்ந்து பார்க்க வேண்டுமாம்.

"அப்புறம் சார், உங்க தம்பிக்கும் தொந்தரவு இருக்குன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். ஒரே குடும்பம், ஒரு ஈசிஜி எடுத்துடலாம்னாரு. கூட்டிட்டு வந்துடுங்க."

அம்மா, அந்தப் பாடு வேறு — என்று ஆரம்பித்தேன். அடிபம்புக்கு அந்தப் பக்கம் அங்காளம்மாள் நின்றிருந்தாள். நேற்றைய சிரிப்பு இல்லை. கையால் வேண்டாம் என்று காட்டினாள்.

போனை வைத்த பிறகு சொன்னாள். "போன மாசம் படகுலயே ரெண்டு வாட்டி கண்ணு இருட்டிப் போயி உக்காந்துட்டாரு, மாமா. ஒருவாட்டி கவுந்தே பூட்டிருப்பாராம். வெளிய மூச்சு உடாதன்னு எம்மேல சத்தியம் வாங்கிக்கினாரு. ஊருக்குத் தெரிஞ்சா தண்ணில எறக்க மாட்டாங்க. எறங்கலன்னா…"

மிச்சம் எனக்குத் தெரியும்.

நர்ஸைத் திருத்தவில்லை.

மார்ச் 26

நேற்று அவன் பாடு. போனான், வந்தான். அங்காளம்மாள் கரையிலேயே நின்றாள். மீன் பார்க்க வந்தவள் மாதிரி, கூடையோடு.

மார்ச் 28

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகக் கூடாதாம், துணைக்கு ஆள் வேண்டும் என்று சின்னதம்பியிடமே சொன்னேன். பொய். நேராகப் பேசிய முதல் வாக்கியம் பொய்யாக அமைந்தது. "பைய குடு," என்றான்.

அங்கே போனதும் அவனைத்தான் படுக்க வைத்தார்கள். "எனக்கு இன்னாண்ணா? உனக்குத்தான டப்பா?" என்று கத்தினான். காகிதத்தைப் பார்த்த டாக்டர் அவனை எழுந்திருக்க விடவில்லை. மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் இடையே சேதி போகவில்லையாம். எனக்குப் பேஸ்மேக்கர் வைக்கக் காரணமான அதே கோளாறு, என்னைவிட மோசம். இந்த நிலையில் படகில் நின்றிருக்கிறான். நின்று கோல் ஊன்றிப் படகு தள்ளியிருக்கிறான்! மடையன். சொன்னா இன்னா கொறஞ்சிடும்? யாராண்ட சொல்லுவான் — என்னாண்டயா?

மார்ச் 30

அவனுக்கும் வைத்துத் தைத்துவிட்டார்கள். கண் விழித்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஊர்ல யாருக்குத் தெரியும்?"

ஏப்ரல் 5

மாடி அறையில் பாய் இரண்டு, டப்பா இரண்டு. வலைகளை வெளியே போட்டுவிட்டோம். அவன் குறட்டையும் சென்னைக்குப் போகிறதா என்று தெரியவில்லை. போனால் அங்கே ஒருவர் வேலையை விட்டுவிடுவார்.

இரண்டிலும் பச்சை.

ஏப்ரல் 9

டாக்டர் உத்தரவு: ஆறு வாரம் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கோல் ஊன்றக் கூடாது, வலை இழுக்கக் கூடாது. சட்டையைக் கழற்றாமலே குளிக்கிறான். ஊருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 14

வருடப்பிறப்பு. ஊர்க் கூட்டம். இருவரும் போய் உட்கார்ந்தோம். சின்னதம்பியின் முறை வந்தபோது பூபதி எழுந்தார். "மனசுல வெச்சுக்காதடா," என்று சொல்லிவிட்டு தண்ணீரில் இறங்காதவன் பற்றிய அந்த வாக்கியத்தைச் சொன்னார். ஒன்பது வருடமாகியும் அது பழுதில்லாமல் இருந்தது. ஊர் ஏற்றுக்கொண்டது.

திரும்பி வரும்போது அவன் வெறுங்காலோடு முன்னால் நடந்தான். அவன் செருப்பை நான் எடுத்துக்கொண்டு வந்தேன். ஏன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 16

காலையில் ஜாக்குலின் கூப்பிட்டார். இரண்டு டப்பாவிலிருந்தும் சேதி ஒழுங்காக வருகிறதாம். "உங்க ரெண்டு பேருக்கும் ஏதாவது தொந்தரவு இருக்கா சார்?"

சின்னதம்பியைப் பார்த்தேன். "சொல்லுண்ணா," என்றான்.

இரண்டு பேருக்கும் பாடு இல்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்.