கலாங்கு என்ன சொன்னது?

ஜாரியா, 4 மார்ச் 1979

வீட்டுக்காரருக்கு,

மிகுந்த சலாம். அப்பா வீட்டில் சுகமாக இருக்கிறேன். உங்கள் தம்பி கல்யாணத்தில் கலாங்கு மேளக்காரன் காம்போவின் காதில் ஏதோ சொல்லி, அவன் நெற்றியில் நோட்டு ஒட்டினீர்கள். அவன் மேளத்தைக் கக்கத்தில் இறுக்கி, என் எதிரில் நின்று, "பழைய பாயைச் சுருட்டு" என்று அடித்தான். பெண்கள் சிரித்தார்கள். நான் பெட்டியைக் கட்டினேன். வரப்போகும் புதுப்பாய் யார் என்று மட்டும் எழுதுங்கள். தெரியாமல் தூக்கம் வரவில்லை.

தேலு

ஃபுந்துவா, 11 மார்ச்

வீட்டுக்காரிக்கு,

தூவோக் களியை நானே கிளறுகிறேன். அதை வைத்துச் சுவரொட்டி ஒட்டலாம் என்கிறான் பக்கத்து வீட்டுக்காரன்.

கல்யாணத்தில் நான் காம்போவிடம் சொன்னது, "வீட்டு விளக்கை வாழ்த்து." மேளத்துக்கு ஏது நாக்கு? குரலின் ஏற்ற இறக்கத்தைத்தான் அது அடிக்கும். இரண்டு பேச்சுக்கும் அது ஒன்றாகிவிட்டது போலும். காம்போ அந்தப் பக்கம்தான் சுற்றுகிறான், அவனையே கேள். பாய் வாங்க நான் எந்தச் சந்தைக்கும் போகவில்லை. மேற்கொண்டு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

தனிமு

ஜாரியா, 20 மார்ச்

வீட்டுக்காரருக்கு,

காம்போவைக் கூப்பிட்டு, விளக்கா, பாயா என்று கேட்டேன். "அடிக்கிறதுதான் நான் அக்கா. வார்த்தை போட்டுக்கிறது நீங்க" என்றான். விடுவேனா? அதையே மறுபடி அடிக்கச் சொல்லி, வீட்டில் ஒவ்வொருவரையும் விசாரித்தேன். லாகோஸ் போன மகன் இன்னும் வரவில்லை என்கிறதாம் அம்மாவுக்கு. அப்பா, "வந்த விருந்து எப்பப் போகும்னு கேக்குது" என்றார். "மிளகாப்பொடிக்கும் யாஜின்னுதான் பேரு, பொஞ்சாதி கோவிச்சுட்டு வர்றதுக்கும் யாஜின்னுதான் பேரு. ரெண்டும் அளவா இருந்தாத்தாம்மா ருசி."

எனக்கு மட்டும் இன்னமும் பாய்தான் கேட்கிறது. நமக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பெண்கள் ஏன் சிரித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? எனக்குப் பயமாக இருக்கிறது. வா என்று ஒரு சொல் வராமல் வரமாட்டேன்.

தேலு

ஜாரியா, 9 ஏப்ரல்

வீட்டுக்காரருக்கு,

உங்களிடமிருந்து கடிதமே இல்லை. நேற்று மாலை காம்போ வந்து எங்கள் வாசலில் நின்று புதிதாக ஒன்றை அடித்தான். யார் அனுப்பியது, என்ன சொல்லி அனுப்பியது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. என் சுபாவம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. அம்மா தெருவில் மகனைத் தேடினாள். எனக்கு "வீட்டுக்கு வா" என்று கேட்டது. நீங்கள் வேறு எதையாவது அடிக்கச் சொல்லியிருந்தால் இனிப் பயனில்லை. பெட்டியை லாரியில் ஏற்றியாயிற்று.

தேலு